குல்ரான் கோதுமை

குல்ரான்
அசத் மாதம், ஆப்கான் ஆண்டு 1353 (1974). அறுவடை முடிந்த கோடை.

ஈரானில், மஷ்ஹத் செங்கல் சூளையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு சனோபரின் சலாம். நானும் உங்கள் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முகம் பார்க்காத குறை ஒன்றுதான். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு குறையில்லை.

நீங்கள் எல்லை தாண்டிப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நீங்கள் போனபோது வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்த வசந்தத்தில் மழை வந்தது. நாள் கணக்கில் பெய்தது. கோதுமை இடுப்புயரம் வளர்ந்தது, கூடவே களையும் வளர்ந்தது. ஊர் ஆண்களில் பாதிப் பேர் உங்களைப் போல அந்தப் பக்கம் இருக்கும்போது களை பறிக்க யார் இருக்கிறார்கள்? நானும் அம்மாவும் கைக்கு வந்ததை அறுத்தோம். களத்தில் தூற்றும்போது காற்று சரியாக அடிக்கவில்லை. சர்மக் என்ற களைச்செடியின் விதை பொடிப்பொடியாகக் கோதுமையோடு தங்கிவிட்டது.

முதல் ரொட்டியைத் தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்ததும் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கசந்தது. சொன்னேன்.

“ரெண்டு வருஷமா புல்லு வேரைத் தின்ன வாய்க்கு இப்பக் கசக்குதாக்கும்? சாப்பிடு பொண்ணே,” என்றார்.

உங்களோடு வேலை செய்யும் நம் ஊர் கஃபூர் இங்கே வந்திருந்தார், சூளைக்குத் திரும்புவதாகச் சொன்னார். இரண்டு முறை சுட்டுக் காய வைத்த ரொட்டி ஒரு மூட்டை அவரிடம் கொடுத்திருக்கிறேன். தேநீரில் நனைத்துச் சாப்பிடுங்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது. என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து இந்தக் கடிதத்துக்காவது உதவுகிறதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாசலில் யாராவது இருமினால் நீங்களோ என்று மாவு பிசையும் கை நின்றுவிடுகிறது. சூளைப் புகையில் இருமல் அதிகமாகிவிட்டதா? எழுதுங்கள்.

சனோபர்

*

மஷ்ஹத்
மீஜான் மாதம், 1353. இலையுதிர் காலம்.

என் சனோபருக்கும் அம்மாவுக்கும் என் சலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் இருக்கிறது, அது சூளைக்காரர் எல்லோருக்கும் உள்ளது.

மூட்டை வந்தது. திறந்ததும் நம் வீட்டு அடுப்பின் வாசனை. இங்கே கடையில் விற்கும் ரொட்டி காகிதம் போல இருக்கும், கையில் எடுத்தால் காற்றில் பறக்கும். பக்கத்துப் படுக்கைக்காரன் ஹைதர் நம் ரொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது ரொட்டியா, செங்கல்லா? நம்ம சூளையில சுட்டதைவிட நல்லா வெந்திருக்கே,” என்றான். பிறகு அவனே ஒரு துண்டு கேட்டான். கொடுக்கவில்லை. “பொண்டாட்டி சுட்டதுன்னா நாய்கூட பங்கு குடுக்காது போல,” என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரொட்டி கொஞ்சம் கசப்புதான். ஆனால் எனக்குக் கசக்கவில்லை.

ஹைதரின் உறவினர் ஒருவர் மூலம் துணி அனுப்புகிறேன். நீலத்தில் சின்ன வெள்ளைப் பூ. எத்தனை முழம் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கையைக் காற்றில் வைத்து, இவ்வளவு உயரம், இவ்வளவு இடுப்பு என்று காட்டினேன். “கல்யாணம் ஆகி எவ்வளவு நாள் கூட இருந்தே?” என்றார். ஒரு பனிக்காலம் என்றேன். சிரித்துவிட்டு ஒரு முழம் கூடவே வெட்டிக் கொடுத்தார்.

வசந்தத்தில் வந்துவிடுவேன். அதுவரை யார் வந்தாலும் ரொட்டி கொடுத்தனுப்பு.

நாதிர்

*

குல்ரான்
கவ்ஸ் மாதம், 1353. முதல் பனி.

என் வீட்டுக்காரருக்கு சலாம். நீங்கள் இல்லாததைத் தவிர இங்கே எல்லாம் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

துணி வந்தது. அம்மா தடவிப் பார்த்து, “எம் பையனுக்கு இவ்வளவு ரசனை எங்கேருந்து வந்துச்சு?” என்றார். தைத்துவிட்டேன். கொஞ்சம் தளர்வாகத்தான் தைத்தேன். கடைக்காரர் கூடக் கொடுத்த முழத்தையும் சேர்த்துக்கொண்டேன். குளிருக்கு உள்ளே இன்னொரு உடை போட வசதியாக இருக்கும்.

அம்மா படுக்கையை என் படுக்கைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டார். குளிர் என்கிறார். கதவுத் தாழ்ப்பாளையும் இப்போது அவரே போடுகிறார். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கவும் அவரே போகிறார். நான் போவதில்லை. நான் போனால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். இடம் கொடுக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன்.

வயிறு கொஞ்சம் சரியில்லை, வாயுவாக இருக்கும். முல்லா தாயத்து எழுதிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நீங்கள் கவலைப்பட இதில் எதுவும் இல்லை.

இன்னொரு மூட்டை ரொட்டி இத்துடன் வருகிறது. மாவைப் பரப்பும்போது விரலால் அழுத்துகிறேன் அல்லவா, இந்த முறை கொஞ்சம் அதிகமாக அழுத்தினேன். உங்கள் கைக்குப் போகும் பொருள் என்பதால்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சனோபர்

*

குல்ரான்
தல்வ் மாதம், 1353. நடுக் குளிர்காலம்.

என் வீட்டுக்காரருக்கு சலாம். அங்கே நலம்தானே?

பதில் வரவில்லை. பனியில் எல்லைச் சாலை மூடிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்து வீட்டுக் கரீமின் தம்பியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதே சூளை, அதே சாலை.

கஃபூர் ஊருக்கு வந்து திரும்பினார். நம் வாசலுக்கும் வந்து நலம் விசாரித்தார். என்னைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். தேநீர் வேண்டாம் என்று போய்விட்டார். அவர் அங்கே வந்து ஏதாவது சொல்லியிருந்தால் என்னைக் கேளுங்கள். கேட்டால் சொல்கிறேன். கேட்காமல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் மடியில் பலகை நிற்க இடமில்லை.

ஒரு வரி எழுதினால் போதும். திட்டி எழுதினாலும் போதும்.

சனோபர்

*

மஷ்ஹத்
தல்வ் மாத முடிவு, 1353.

என் அம்மாவுக்கு நாதிரின் சலாம். உன் கால்வலி குறைந்திருக்க அல்லாவை வேண்டுகிறேன்.

இதை முல்லாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். வீட்டில் உள்ளவளிடம் கொடுக்காதே.

கஃபூர் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, “உன் வீட்ல விசேஷமாமே நாதிர்? நீ எப்படா ஊருக்குப் போயிட்டு வந்தே? எங்களுக்குத் தெரியாம பறந்து போனியா?” என்றான். சூளையே சிரித்தது. நானும் சிரித்தேன் அம்மா. அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கோப்பை உடைந்திருந்தது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பி ஒன்றரை வருஷமாகிறது. உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

உண்மையா? உண்மையென்றால் பனி உருகுவதற்குள் அவளை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடு. தலாக்கைச் சாட்சி வைத்துச் சொல்லி அனுப்புகிறேன். நானே வந்தால் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் வரவில்லை.

நாதிர்

*

குல்ரான்
ஹூத் மாதம், 1353.

மகனே நாதிரு, உங்கம்மா பீபி குல் சொல்லச் சொல்ல உம் பொண்டாட்டி எழுதுறா. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க, பலகை வைக்க அவ மடியில இடமில்ல. நீ நல்லா இருக்கியா? இரு.

முல்லாகிட்ட குடுக்கச் சொன்னே. அந்த ஆளு வாய்க்குக் கதவு கிடையாது. அதனால வீட்ல உள்ளவகிட்டதான் குடுத்தேன். உரக்கப் படிச்சா. ஒரு வரி விடல. அவகிட்ட குடுக்காதேன்னு எழுதியிருந்தியே, அதையும் படிச்சா. மடிச்சு என் மடியில வச்சா. அழல. “பதில் சொல்லுங்கம்மா, எழுதறேன்”னா. அவளுக்கு இருக்கற நெஞ்சுல கால்வாசி உனக்கு இருந்திருந்தா கோப்பை உடைஞ்சிருக்காது.

கேளு. மொதல்ல எனக்கும் சந்தேகம்தான். படுக்கையைப் பக்கத்துல போட்டுக் காவல் காத்தேன். வயிறு பெருசாயிட்டே போச்சு. கை காலு குச்சியாச்சு. கண்ணு மஞ்சளிச்சுது. ஒருநாள் கை வச்சுத் தட்டிப் பாத்தேன். புள்ளையா அது? தோல்பையில தண்ணி தளும்புற மாதிரி இந்தப் பக்கம் தட்டினா அந்தப் பக்கம் ஆடுது. நான் ஏழு பெத்தவ. எனக்குத் தெரியாதா?

அப்புறம் என் வயிறும் வீங்க ஆரம்பிச்சுது.

சிரிக்காதே. எனக்கு அறுபது தாண்டியாச்சு. உங்கப்பன் மண்ணுக்குள்ள போயி எத்தனையோ வருஷமாச்சு. நேரா ஊத்துக்குப் போனேன். பொம்பளைங்க எல்லாம் நின்னாங்க. சட்டையைத் தூக்கிக் காட்டினேன். “எம் மருமகளுக்கு ஆள் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்களே, எனக்கும் ஒருத்தனைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கடி. கொஞ்சம் பல்லுள்ளவனாப் பாத்துச் சொல்லுங்க”ன்னேன். ஒருத்தியும் சிரிக்கல. கரீம் பொண்டாட்டி குடத்தைக் கீழ வச்சுட்டு, “எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருக்கு பீபி”ன்னு அழுதா. அப்புறம் இன்னொருத்தி, எம் புள்ளைக்கும்னா. எல்லாரும் போர்வைக்குள்ள மறைச்சு வச்சிருந்திருக்காங்க. அந்த ஆறடிக் கரீம் இப்ப நிறைமாசக்காரி மாதிரி முதுகுல கையை ஊனிக்கிட்டு நடக்கறான். அவனுக்கு யாரு காரணம்னு கஃபூர்கிட்ட கேட்டு எழுது.

பனி உருகினதும் லாரியில எல்லாரும் ஹெராத் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். இவளை எங்கயும் அனுப்ப மாட்டேன். தலாக்னா ஆள் விட்டுச் சொல்லாதே. வந்து எம் முன்னால நின்னு, எம் வயித்தையும் பாத்துட்டுச் சொல்லு.

இந்த வரியை எழுத மாட்டேன்னு நிறுத்துறா. எழுதுடின்னேன். எழுதிட்டா.

*

ஹெராத், மருத்துவமனை
ஹமல் மாதம், 1354. புது வருஷம், வசந்தம்.

சலாம். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படியுங்கள். நான் அனுப்பிய ரொட்டி மிச்சமிருந்தால் சாப்பிடாதீர்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆட்டுக்குக்கூடப் போடாதீர்கள். புதைத்துவிடுங்கள்.

எங்கள் வயிற்றை நிரப்பியது அந்தக் கோதுமைதான். கோதுமை அல்ல, அதோடு கலந்த சர்மக் விதை. இங்கே நடைபாதையெல்லாம் குல்ரான்காரர்கள் படுத்திருக்கிறோம். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறார்கள். காபூலிலிருந்து டாக்டர் லத்தீஃப் என்பவர் சிலரோடு வந்திருக்கிறார். முதல் நாள் கரீமிடம், “குடிக்கிற பழக்கம் உண்டா? மறைக்காம சொல்லுங்க,” என்றார். கரீம் பள்ளிவாசல் மேல் ஆணையிட்டு இல்லை என்றார். அடுத்த படுக்கையில் அம்மாவைப் பார்த்ததும் டாக்டர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். அதற்கடுத்த படுக்கையில் ஏழு வயதுப் பெண் குழந்தை.

“இந்த வயிறு சாதாரணமா குடிகாரங்களுக்கு வரும், இல்லேன்னா பழைய காமாலைக்காரங்களுக்கு வரும். ஊர் முழுக்க வந்திருக்குன்னா ஊர் முழுக்க ஏதோ ஒண்ணைச் சாப்பிட்டிருக்கீங்க. என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

“ரொட்டி,” என்றேன்.

“வேற?”

“வேற எதுவும் இல்லை டாக்டர் சாகிப்.”

ஊரிலிருந்து கோதுமை கொண்டுவரச் சொன்னார். தட்டில் கொட்டி, அவரும் நர்சும் குனிந்து உட்கார்ந்து நாள் முழுக்கப் பொறுக்கினார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் சேர்ந்தது. வேறு தேசத்தில் இதே இனச் செடி இப்படிச் செய்திருப்பதாகப் புத்தகத்தில் இருக்கிறதாம். சோதனைக்குக் காபூலுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்காமல் எங்கள் எல்லோருக்கும் நகரத்து மாவில் ரொட்டி கொடுக்கச் சொன்னார்.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். குடலிலிருந்து ஒரு பெரிய ரத்தக்குழாய் ஈரலுக்குப் போகிறதாம். சர்மக் விஷம் ஈரலுக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களை அடைத்துவிட்டது. வரும் ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் பெரிய குழாயில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தத்தில்தான் வயிற்றில் நீர் கசிந்து தேங்குகிறது. நெஞ்சுக்குள் போகும் உணவுப் பாதையிலும் ரத்தக்குழாய்கள் ரத்தம் குடித்த அட்டை போலப் புடைத்துவிடுமாம். அவை வெடித்தால் ரத்த வாந்தி. அம்மாவுக்கு நேற்று அப்படி ஆனது. ஒரு கிண்ணம் இருக்கும். இன்று பேசுகிறார்.

“கசக்கலையா உங்களுக்கு?” என்று டாக்டர் கேட்டார். கசந்தது என்றேன். கசந்ததைத்தான் பிசைந்தேன், சுட்டேன், அம்மாவுக்குக் கொடுத்தேன், உங்களுக்கு மூட்டை கட்டினேன்.

உங்கள் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அங்கே டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

சனோபர்

*

மஷ்ஹத்
சவ்ர் மாதம், 1354.

சனோபருக்கு சலாம். அம்மா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? இதை இத்தனை மாதம் கேட்காமல் இருந்தவன் கேட்கிறேன்.

அம்மாவின் கடிதமும் உன்னுடையதும் ஒரே நாளில் கைக்கு வந்தன. இங்குள்ள மருத்துவமனையில் காட்டினேன். ஈரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, சாப்பிட்ட அளவு குறைவு, தப்பித்தாய் என்றார்கள்.

ஆனால் சாப்பிட்டேன். அதைச் சொல்ல வேண்டும். கஃபூர் பேசிய பிறகு உன் நினைவு வரும் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேன். மூட்டையை மட்டும் எறிய முடியவில்லை. யாரும் இல்லாதபோது எடுத்துத் தேநீரில் நனைப்பேன். ஒவ்வொரு துண்டிலும் உன் விரல் பதிந்த குழி இருக்கும். இவளை இனி நினைக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அந்தக் குழியில் என் விரலை வைத்திருப்பேன். கடைசித் துண்டு வரை தின்றுவிட்டேன். புதைக்க ஒன்றும் மிச்சமில்லை.

கஃபூரை அடிக்கப் போனேன். ஹைதர் பிடித்துக்கொண்டான். “அவன் சொன்னான், சரி. நம்பினவன் யாரு? மொதல்ல அவனை அடி,” என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

நேரில் வந்து சொல் என்று அம்மா எழுதச் சொன்னார். நீ எழுதினாய். எந்த முகத்தோடு வருவேன்? வரவேண்டாம் என்று நீ எழுதினால் வரமாட்டேன். வா என்று ஒரு சொல் எழுதினால் அன்றே கிளம்புவேன்.

நாதிர்

*

குல்ரான்
ஜவ்ஸா மாதம், 1354. கோடைத் தொடக்கம்.

என் வீட்டுக்காரருக்கு சலாம். உங்கள் ஈரல் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அம்மா இறந்துவிட்டார். ஊர் திரும்பிய பிறகு இரண்டாவது முறை ரத்த வாந்தி எடுத்தார். இந்த முறை நிற்கவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். கரீம் தன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் பிடி மண் போட்டார். ஊற்றடியில் நின்ற பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன்.

உங்கள் கடிதம் அம்மா இறப்பதற்கு முந்தின நாள் வந்தது. அம்மா படிக்கச் சொன்னார். ஹைதர் சொன்னதைப் படித்தபோது சிரித்தார். “அந்தப் பையனுக்கு ஒரு பொண்ணு பாத்துக் கட்டி வைக்கணும்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பிப் படுத்து, “வரச் சொல்றதா இருந்தா நீயா எழுது. நான் சொன்னேன்னு எழுதாதே. நான் சொல்ல மாட்டேன்,” என்றார். அதன்படியே கடைசிவரை சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்ய வேண்டியிருந்தது, அதனால்தான் இந்தப் பதிலுக்கு இவ்வளவு நாளாயிற்று.

எனக்கு வயிற்று நீர் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது. மண்ணீரல் இன்னும் கல் போல இருக்கிறது. கனம் தூக்கக் கூடாது, சூடாக உறைப்பாகச் சாப்பிடக் கூடாது, கறுப்பாக மலம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு லாரி ஏற வேண்டும். சிலருக்கு ஈரல் புதிய வழி கண்டுபிடித்துக்கொள்ளும், சிலருக்கு இல்லை என்றார் டாக்டர். இனி குழந்தை பெற முடியுமா என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டைத் திரும்பவும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதலாம். எழுத்து எனக்கு நன்றாக வரும், நீங்கள் நம்பியும் விடுவீர்கள். கோபம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது. உங்கள் குரல் எனக்கு மறந்துகொண்டிருக்கிறது. உங்கள் கடிதங்களை எல்லாம் நானேதான் உரக்கப் படித்தேன். நீலத் துணி வாங்கியதையும் என் குரலில்தான் கேட்டேன், என்னை அனுப்பிவிடச் சொன்னதையும் என் குரலில்தான் கேட்டேன். நீங்கள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தால், கற்பனையில் ஹைதரின் சிரிப்புதான் வருகிறது. நான் பார்த்தே இராத மனிதர்.

சர்க்கார் கோதுமை லாரியில் வந்தது. அது புது அறுவடை வரை தாங்கும். வயலில் இந்த வருஷப் பயிர் பால் பிடித்து நிற்கிறது. அறுவடைக்கு முன்னால் ஒவ்வொரு வீடும் தன் வயலில் இறங்கி சர்மக்கை வேரோடு பிடுங்க வேண்டும், ஒரு செடி விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூ வெள்ளையாக, தேள் கொடுக்கு போலச் சுருண்டிருக்கிறது. எல்லா வயலிலும் ஆட்கள் வரிசையாக நகர்கிறார்கள். நம் வயலில் யாரும் இல்லை. வரப்பில் உட்கார்ந்து எது சர்மக், எது புல் என்று என்னால் காட்ட முடியும். குனிய முடியாது.

நீங்கள் வந்து குனியுங்கள்.

சனோபர்